லோடு டயரும் என் வாயும்

இன்று காலை பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் போகும் வழியில் காரிலேயே தூங்கிவிட்டேன்!

இதில் என்ன அதிசயம் என்பீர்கள்.

ஓட்டியது என் மருமகள் சுகன்யா. அதுதான் அதிசயம்.

கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், பஸ் வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து தன் காரில் வந்திருந்த அவளுடைய அக்கா மீனா, "எனக்கு இந்த வளைவெல்லாம் தலை சுத்துது, நீயே ஓட்டு" என்று தங்கையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன்.

சுகன்யா ஓட்டும் வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று போன மாதம்தான் சொல்லியிருந்தேன். சும்மா இல்லை, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு!

"எம் மருமக பள்ளத்தத் தேடித் தேடி விடுவா. இவ வண்டியில பிள்ளைகள ஏத்துனா, போய்ச் சேரும்போது பாதிதான் இருக்கும்!"

பந்தியே சிரித்தது.

சிரித்தவர்களில் சிலர், தங்கள் பிள்ளைகளைச் சுகன்யாவின் காரில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பேசி வைத்திருந்தவர்கள். மறுநாளே ஒவ்வொருவராகப் போன் செய்து வேண்டாம் என்றார்கள்.

அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் கார் வாசலிலேயே நிற்கிறது.

வேண்டுமென்றே என்னைக் குலுக்குகிறாள் என்றே நம்பினேன். (கல்யாணத்தன்று அவள் அம்மா வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்ன கோபம் என்று நினைத்தேன். உப்பு இல்லைதான், இப்போதும் சொல்வேன்!)

இன்று பெருமாள்மலை அருகே கண் விழித்தேன்.

"ஏத்தா, இன்னைக்கு என்ன இம்புட்டுப் பதமா ஓட்டுற?"

"எப்பவும் போலத்தான் ஓட்டுறேன் அத்தே."

"பெறகு நம்ம காரு மட்டும் ஏன் அப்படித் தூக்கிப் போடுது? ரெண்டும் ஒரே மாதிரி காருதான?"

பின்னாலிருந்து மீனா சொன்னாள்: "அதுல லோடு டயருல்ல போட்டுக் கெடக்கு! ஆளு போற காருக்கு அதப் போடச் சொன்ன புண்ணியவான் யாரு அத்தே? வாழைத்தார் ஏத்தவா வாங்குனீங்க?"

சுகன்யா ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் புண்ணியவதி நான்தான்!

வத்தலக்குண்டு டயர்க்கடையில் நின்றது அப்படியே கண்ணில் வந்தது. சுகன்யா பச்சைச் சேலை, கையில் பாதி குடித்த இளநீர்.

"வேண்டாம் அத்தே. இது சுமை ஏத்துற வண்டிக்கு உள்ளது, பக்கமெல்லாம் கெட்டி. ஆளு மட்டும் உக்காந்தா அமுங்கவே அமுங்காது. ஒவ்வொரு கல்லும் இடுப்புல தெரியும்."

"அடியே, மலையில பொறந்தவ நீயா நானா? எங்க ஜீப்பு தாரு தாரா வாழைய ஏத்திக்கிட்டு இந்த டயருலதான ஓடுச்சு? வெரசா மாட்டச் சொல்லு!"

கடைக்காரர் முன்னால் அவள் வாயை அன்றைக்கே அடைத்துவிட்டேன்.

அந்த ஜீப்பில் நாங்கள் சருகு மெத்தை போட்டு வாழைத்தார்களின் மேலே உட்கார்ந்து வந்தவர்கள். குலுக்கல் எங்களுக்கு எங்கே தெரிந்தது? இதைக்கூட யோசிக்காமல் அந்தப் பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிட்டேன்.

கொடைக்கானலில் இறங்கியதும் அவள் கையைப் பிடித்தேன்.

"என்னய மன்னிச்சிருத்தா."

"எங்கிட்டத் தனியாச் சொல்றீங்க. அன்னைக்குப் பந்தியில எல்லாருக்கும் கேக்குற மாதிரில்ல சொன்னீங்க?"

டாக்டரிடம் காத்திருந்தபோதே போனைக் கையில் எடுத்தேன்.

அதனால்தான் இங்கே எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். காதுகுத்துக்கு வந்த தாய்மார்களே, நீங்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அவள் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. குறை நான் போடச் சொன்ன டயரில்.

டயரை மாற்றப் போகிறோம். இந்த முறை கடையில் அவள்தான் பேசுவாள், நான் வீட்டில் இருப்பேன்.

உங்கள் பிள்ளைகளை அவளோடு அனுப்புவீர்களா?

கமெண்டில் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம், அவள் பெயரைப் போட்டு அவளிடம் சொல்லுங்கள்.