அடுப்புக்கு உப்பு போட்டவள்

செனோனாஸுக்குத் தன் அக்கா மேல் ஒரு குறை உண்டு. வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்துப் புழுங்கின குறை. அவனே வாங்கி வந்து, அவன் கையாலேயே திறந்த பீர் பாட்டிலின் முதல் வாய் ஒருநாளும் அவன் தொண்டையில் இறங்கினதில்லை. மூடி கழல்கிற சத்தம் கேட்டால் போதும், அல்டோனா எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுவாள். பாட்டிலைப் பிடுங்கி, பால்கனியில் இருந்த மண் தொட்டியில் ஒரு வாய் ஊற்றி, "ஜெமினாவுக்கு" என்று முணுமுணுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஜெமினா என்றால் பூமித் தாய். பூமித் தாய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொட்டியில் இருந்தது வெங்காயத்தாள். பீர் ஊற்றி வெங்காயத்தாள் வளர்த்த வீடு அந்த லிதுவேனிய ஊரிலேயே அது ஒன்றுதான்.

ஒருதடவை பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டான்.

"ஏங்க்கா, உன் பூமித் தாய்க்கு மோர் ஊத்தினா ஆகாதா? என் பீர்தான் வேணுமா?"

"நீ மோர் குடி, நான் மோர் ஊத்தறேன். நீ எதைக் குடிக்கறியோ அதுலதான் அவளுக்குப் பங்கு."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். பஸ் டிப்போவில் வெல்டர். பெண்டாட்டி வேலைக்கென்று அயர்லாந்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவன்தான். வந்து ஒண்டினவனுக்கு வாய் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

அல்டோனா பாலர் பள்ளியில் சமையல்காரி. ஆள் பருமன், குரல் சின்னது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு இந்தப் பழைய சாமிகள் பரம்பரையாக வந்தவை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுடைய அம்மா கூட்டுப்பண்ணையில் மாட்டுக் கொட்டகைக்குத் தலைவி. அந்த வீட்டில் சிலுவையும் கிடையாது, பழைய சாமியும் கிடையாது. எந்த மாடு எவ்வளவு கறந்தது என்பதுதான் வேதம். பிறகு சோவியத் ஆட்சி போய் நாடு கைமாறியது. ஊரே மாதா கோயிலுக்குத் திரும்பி ஓடியபோது அல்டோனாவும் கொஞ்ச நாள் போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டாள்.

அதன்பின் அவளாகவே சேர்க்க ஆரம்பித்தாள். பாட்டுக் குழு ஒன்றிடமிருந்து ஒரு பாட்டு. சந்தையில் காளான் விற்கிற கிழவியிடமிருந்து ஒரு வார்த்தை. நூலகத்தில் யாரோ வந்து பேசியதிலிருந்து இன்னொன்று. முதலில் சமைக்கும் முன் நெருப்பில் ஒரு சிட்டிகை உப்பு போட்டாள். நெருப்புக்குப் பெயர் கபியா. அவளுக்கு உப்புதான் சாப்பாடு. பிறகு ராத்திரிச் சமையல் முடிந்ததும் அடுப்பைத் துடைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் வைத்தாள். கபியா முகம் கழுவிக்கொள்ள. அந்தக் காலத்தில் தணலைச் சாம்பலால் மூடித் தூங்கவைப்பார்களாம். கேஸ் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? அல்டோனா யோசித்தாள். லினன் துணியில் ஒரு சின்னப் போர்வை தைத்தாள். பர்னர் ஆறினதும் அதைப் போர்த்தி, "தூங்கு கபியாம்மா, எழுந்து நடக்காத" என்பாள். கபியா எழுந்து நடந்தால் வீடு பற்றிக்கொள்ளுமாம். இலையுதிர் காலத்தில் செத்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கும் நாளில் மேசையில் கூடுதலாகத் தட்டு விழும், அம்மாவுக்கும் சேர்த்து. "அம்மா இருந்திருந்தா இந்தத் தட்டை எடுத்து என் மண்டையிலேயே போட்டிருப்பா" என்று அவளே சிரிப்பாள்.

சிரிப்பாளே தவிர உள்ளுக்குள் வெட்கம் இருந்தது. அழைப்பு மணி அடித்தால் போர்வை ஒரே இழுப்பில் மேசை டிராயருக்குள் போகும், கிண்ணத்துத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பாலர் பள்ளியில் அவள் நெருப்பில் உப்பு போடுவதைத் தலைமையம்மா பார்த்துவிட, கை தவறிவிட்டது என்று சொல்லித் தப்பித்தாள். காது நுனி வரை சிவந்துவிடும் அவளுக்கு. செனோனாஸ் இதையெல்லாம் கவனித்தான். அக்காவுக்கே இது கூச்சமாக இருக்கிறது, அப்படியானால் நாம் கூச்சப்படுவதில் தப்பில்லை என்று ஒரு நியாயம் பண்ணிக்கொண்டான். டிப்போவில் யாராவது கேட்டால், கேஸ் கசிகிறதா என்று அவள் தினமும் குனிந்து பார்ப்பாள், அவ்வளவுதான் என்று சொல்லிவைத்திருந்தான்.

அல்டோனா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ராசோஸ் வந்தது. கோடையின் நடு நாள். லிதுவேனியாவில் அன்றைக்கு இருட்டு வருவதற்கே மனசில்லாமல் நிற்கும். ஊரில் எல்லாரும் எங்கேயாவது தீ மூட்டிக் குடித்துப் பாடுவார்கள். அல்டோனா மட்டும் வருஷா வருஷம் தனியாக ஏரிக்கரைக்குப் போய், ஒரு கைப்பிடிச் சுள்ளியில் தீ வைத்து, ஆள் வருவதற்குள் திரும்பிவிடுவாள். அந்த வருஷம் காலைச் சாப்பாட்டில் சொன்னாள்.

"இத்தனை வருஷம் திருடி மாதிரி கும்பிட்டாச்சுடா. இந்த ராசோஸுக்கு நம்ம படிக்கட்டுல குடியிருக்கற வீட்டுக்காரங்க எல்லாரையும் தோட்டத்துக்குக் கூப்பிடப் போறேன். எல்லாரும் பாக்க, என் கையால ஏத்தணும்."

ஏரிப் பக்கம் அவர்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம், கருவிகள் வைக்கிற கொட்டகையோடு இருந்தது. செனோனாஸுக்கு இரண்டு வேலை. பிர்ச் மரக் கொம்புகளை நட்டுப் பூவும் புல்லும் சுற்றி ஒரு வாசல் கட்ட வேண்டும், விறகு அடுக்க வேண்டும். நெருப்பு அவள் கொண்டுவருவாள். வீட்டு அடுப்பிலிருந்து லாந்தரில் ஏற்றிக்கொண்டு.

"நான் வர்ற வரைக்கும் ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது. புரியுதா?"

புரிகிறது என்றான். வாசலை நன்றாகவே கட்டினான். வெல்டர் கை, கோணல் வராது. ஆனால் வாய் சும்மா இருக்குமா, டிப்போவில் வாட்சிஸிடம் தீயையும் கபியாவையும் பற்றி உளறிவைத்தான். வாட்சிஸ் டிரைவர், ஊர் வம்புக்கெல்லாம் முதல் ஆள். பட்டறை ஆட்கள் நாலைந்து பேரையும் சாசேஜ் பொட்டலங்களையும் காரில் போட்டுக்கொண்டு வந்து இறங்கிவிட்டான்.

மத்தியானம் ஒரு மழை பெய்து விறகு நனைந்திருந்தது. படிக்கட்டுக்காரர்கள் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் பீருமாக வந்து சேர்ந்தார்கள். அல்டோனாவைக் காணோம். எரிகிற லாந்தரோடு ஏறக் கூடாது என்று பஸ்காரன் இறக்கிவிட்டதும், ஊரிலிருந்து தோட்டம் வரைக்கும் கோட்டு மடிப்புக்குள் விளக்கை அணைத்துப் பிடித்து, காற்று வரும்போதெல்லாம் நின்று திரும்பி, அவள் நடந்தே வந்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வாட்சிஸுக்குப் பசி. "என்ன மாப்ள, உங்கக்கா நெருப்பை எங்க போய்த் தேடறாங்க? சூரியன்கிட்ட கடன் வாங்கப் போயிருக்காங்களா?" என்றான்.

செனோனாஸ் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இது சாசேஜ் சுடுகிற தீ இல்லை, என் அக்காவின் பூசை, பொறுங்கள் என்று. அந்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவளுக்கு ஏதோ கிறுக்கு, வருவாள் என்று சொல்லிவிட்டான். சொன்னபிறகு எதற்குக் காத்திருப்பது? வாட்சிஸ் காரிலிருந்து டீசல் கேனை எடுத்து வந்தான். ஆனால் ஊற்றியது வாட்சிஸ் இல்லை. கேனை வாங்கிச் சாய்த்ததும், லைட்டரைத் தட்டியதும் செனோனாஸின் கை.

அல்டோனா வாசலுக்குள் நுழைந்தபோது தீ ஆள் உயரத்துக்கு நின்றது. கரும்புகை. சாசேஜ் கொழுப்பு சொட்டிச் சடசடத்தது. அவள் தலையில் பூ வளையம் ஒரு பக்கம் சரிந்திருந்தது, கையில் லாந்தர் எரிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, இவ்வளவு தூரம் கேஸ் அடுப்பையா தூக்கிட்டு வந்தீங்க?" என்றான் வாட்சிஸ். "முன்ன உங்க கபியா ரஷ்யாவிலேருந்து கேஸ் குழாய்ல வந்தா. இப்ப கேஸ் கப்பல்ல வர்றா."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்று தன்னுடையது என்று செனோனாஸுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. திட்டியிருந்தால், தட்டை வீசியிருந்தால் அவன் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் காது நுனி வரை சிவந்து நின்றாள், தப்பு செய்தது அவள் மாதிரி. "ஏத்திட்டீங்களா, நல்லதாப் போச்சு. மழைல நனைஞ்சிருப்பீங்க" என்றாள். லாந்தரைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து பாலாடைக்கட்டி வெட்ட ஆரம்பித்தாள். யாருக்கும் தட்டு காலியாக விடவில்லை. ஏதோ பாடப் போவதாகச் சொன்னீர்களே என்று மாடிவீட்டு அம்மா கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து செனோனாஸ் ஒதுங்குவதற்காகக் கொட்டகைக்குப் பின்னால் போனான். ராஸ்பெரிப் புதருக்குள் லாந்தர் எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. அதன் முன்னால் அவனுக்கு ஒதுங்க வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் எல்லார் நடுவிலும் வைத்துவிடலாம் என்று கை நீட்டினான். அந்தப் பக்கம் வாட்சிஸின் குரல் கேட்டது. கையை இழுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அடுப்பங்கரையில் கிண்ணம் இல்லை. போர்வை துவைத்து, இஸ்திரி போட்டு, டிராயரில் மடித்துக் கிடந்தது. பீர் பாட்டிலைப் பிடுங்க யாரும் வரவில்லை. அவன் முதல் வாயிலிருந்து கடைசி வரை குடித்தான், குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் விட்டுவிடவில்லை. தன் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். முணுமுணுப்பு நடையில் கேட்கும். அவன் காலடி கேட்டதும் நின்றுவிடும். அந்த நின்றுபோவதுதான் அவனைச் சுட்டது. மணி அடிக்கிற அந்நியருக்கு ஒளித்த மாதிரி இப்போது அவனுக்கும் ஒளித்தாள்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கைவேலையாகச் செய்துதான் தீர்ப்பார்கள். அவனும் டிப்போவில் மிச்ச இரும்பை எடுத்து, மூன்று கால் வைத்து, தீ வைக்க ஒரு அகலமான சட்டி செய்தான். விளிம்பில் ஓக் இலை வெட்டினான். அவன் செய்ததிலேயே அழகான சாமான். வாட்சிஸ் வந்து இது என்ன என்று கேட்டான். செனோனாஸ், "கறி சுடறதுக்கு" என்றான். அப்படியா என்று வாட்சிஸ் அந்தச் சனிக்கிழமையே அதில் கறி சுட்டான். கொழுப்பு படிந்ததை அக்காவிடம் எப்படிக் கொடுப்பது? அது பட்டறை மூலையிலேயே கிடந்து துருப்பிடித்தது.

பனி இறங்கிய பிறகு அல்டோனாவுக்கு நெஞ்சு மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வார்டில் ஆயாவாக இருந்தவள் வாட்சிஸின் பெண்டாட்டி ரெகினா. புருஷனுக்கு ஏற்ற வாய். வார்டில் காலையில் யாராவது தும்மினால் சாயங்காலம் டிப்போவில் தெரியும்.

ஒருநாள் செனோனாஸ் ஆப்பிள் வேகவைத்துக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாதிரியார் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன், குரலில் அதட்டல் இல்லை. அல்டோனாவிடம் வந்து குனிந்து கேட்டார்.

"நீங்க நம்ம சபைதானேம்மா? ஜெபம் பண்ணலாமா?"

பக்கத்துக் கட்டில்காரி பார்த்தாள். ரெகினா துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். அல்டோனா போர்வையைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள். அவர் நெற்றியில் சிலுவை போட்டார். அவள் காது நுனி வரை சிவந்திருந்தது. செனோனாஸ் தரையைப் பார்த்தான். அந்தச் சிவப்பு அவனுக்குத் தெரிந்த சிவப்பு.

அவர் வெளியே போனதும் தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய். தோட்டத்துல நீ பண்ணினத இப்ப நானே பண்ணிட்டேன், பாத்தியா."

"அக்கா, அந்த டீசல்..."

"டீசலை விடு. அந்தத் தம்பி நல்லவரு. மனசாரச் செஞ்சாரு. நான் பொய் சொல்லி வாங்கிக்கிட்டேன்."

நெஞ்சு வலிக்கிறதா, ஆளைக் கூப்பிடவா என்று கேட்டான்.

"வலி இல்லடா. வெக்கமா இருக்கு." மூச்சு வாங்கினாள். "என்னோடது நானே அங்கங்க பொறுக்கிச் சேத்ததுதான், ஒத்துக்கறேன். அதுக்காக இல்லேன்னு சொல்லலாமா? சொல்லிட்டேனே."

நடையில் டீ வண்டிப் பக்கத்தில் பாதிரியார் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள். ரெகினா அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அல்டோனா கதவு வழியாக அதைப் பார்த்தாள். பிறகு தம்பியின் சட்டைக் கையைப் பிடித்தாள். அவனிடம் அவள் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"என்னால எழுந்து போக முடியாது. நீ போ. எங்க அக்கா உங்ககிட்ட பொய் சொல்லிட்டா, அவ உங்க சபை இல்ல, நெருப்பைக் கும்பிடறவள்னு சொல்லு. காதோரமாப் போய்க் குசுகுசுக்காதடா. ரெகினாவுக்கும் கேக்கணும்."