இருபது பேருக்கு ரசம்

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை ஐந்தே காலுக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறினோம். திருச்சிக்கு முப்பத்து மூன்று மைல். டிக்கெட் ஒரு ரூபாய் ஐந்து நயா பைசா. எங்களோடு வந்த பித்தளை அண்டாவுக்குத் தனியாக இருபத்தைந்து நயா பைசா. கண்டக்டர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள ரெண்டு ஆளை உக்கார வச்சிருக்கீங்களா? அவங்களுக்கும் சேர்த்துக் கிழிச்சிடறேன்" என்றார்.

அண்டாவைத் தூக்கி வந்தவர் என் தங்கை மரகதத்தின் கணவர் சுப்பையா. கல்யாணச் சமையல்காரர். ஐந்நூறு பேர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உப்பை அள்ளிப் போடுவார். அதில் ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது. ஆனால் ஐந்து பேருக்குச் சமைக்கத் தெரியாது. ஒரு தடவை எங்கள் வீட்டில் ஆசையாக ரசம் வைத்தார். இரண்டு நாள் தெருவே குடித்தது.

அவர் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைக்க ஆசைப்படுவதற்குக் காரணம் மரகதம். முகூர்த்த மாதங்களில் அவர் வீடு தங்குவதே இல்லை. "ஊர்ல இருக்கிற பொண்ணுங்க கல்யாணத்துக்கெல்லாம் போறாரு. தாலி கட்டினவ எங்க உக்காந்து சாப்பிடறான்னு மட்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பங்குனியில் டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள்தான். "ஒரே ஊர்ல நிலைச்சு ஒரு வேலை பார்க்கட்டும், வர்றேன்" என்பது அவள் தீர்ப்பு.

நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அந்த வழியில் பழக்கமான அந்தோணி மேஸ்திரிக்கு அப்போது துவாக்குடியில் கட்டட வேலை. பெரிய காலேஜ் வருகிறது, பட்டறைகள் வருகின்றன என்று அங்கே ஊரே தோண்டிக் கிடந்தது. அவர் ஆள் அனுப்பிச் சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமை நான் கவுச்சி தொடமாட்டேன். அன்னைக்கு என் கொத்தனாருங்க இருபது பேருக்கு உங்க மாப்பிள்ளையைச் சமைச்சுப் போடச் சொல்லுங்க. பிடிச்சிருந்தா கொட்டகை போட இடம் தர்றேன்."

ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தம் தொடங்கிவிடும்; கல்யாணக் காண்ட்ராக்டர் வாசலில் வந்து நிற்பார். அதற்குள் இடம் கிடைக்க வேண்டும். அதனால், வெள்ளிக்கிழமைக்கு முன் இரண்டு நாள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் புதிதாக முளைத்திருக்கும் சின்னச் சின்னக் கடைகளில் சாப்பிட்டு, அவர்கள் எப்படி அளவாகச் சமைக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் ஏற்பாடு. அண்டா எதற்கு என்று கேட்டேன். "அது இல்லாம வெளியூர் போனா சட்டை போடாமப் போற மாதிரி இருக்கு மச்சான்" என்றார்.

புதன், காலை ஏழே முக்கால். பாலக்கரையில் ஒரு சந்து. ராஜாமணியம்மாள் என்பவர் தம் வீட்டு முன்னறையில் ஆறு மாதமாக இட்லிக் கடை போடுகிறார். பலகை கிடையாது, பெயர் கிடையாது. வாசலில் கிடக்கும் செருப்புகள்தான் விளம்பரம். இட்லி ஐந்து நயா பைசா. ஒரு ஈட்டுக்குப் பதினாறு, அதற்கு மேல் ஊற்றமாட்டார். நாங்கள் போனபோது பதினாறும் தீர்ந்து, அடுத்த ஈட்டுக்கு ஒன்பது பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஒரேயடியா நூறு அவிச்சு வச்சுட்டா உங்களுக்கு வேலை முடிஞ்சுதே?"

"எனக்கு முடிஞ்சுடும். அப்புறம் ஆறின இட்லிக்கு நான் காவல் உக்காரணும். நில்லுங்க, நின்னு தின்னா ருசி கூட."

நின்று தின்றோம். கூடத்தான் இருந்தது. ஆளுக்கு எட்டு.

பத்தரை மணி. பெரிய கடைவீதிக்குப் பின்னால் காதர் பாய் கடை. பாய் பினாங்கில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பியவர். நாலு பெஞ்சு, ஒரு கல், ஒரு சால்னாச் சட்டி. பரோட்டா பத்து நயா பைசா. மாப்பிள்ளை சைவம்; டீயோடு நிறுத்திக்கொண்டு என் சால்னாவை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கால் தொட முடியாததைக் கண்ணால் ஒரு பிடி பிடித்தார் என்றே சொல்ல வேண்டும்.

"பாய், உப்பு எப்படி அளக்கறீங்க?"

"அளக்கிறதா?" பாய் சிரித்தார். "நீங்க கல்யாணத்துல தலையை எண்ணுவீங்க தம்பி. நான் மொகத்தைப் பார்ப்பேன். வெயில்ல மூட்டை தூக்கிட்டு வந்தவருக்கு ஒரு சிட்டிகை கூட. கடையில உக்காந்தே இருக்கிற சேட்டுக்கு ஒரு சிட்டிகை கம்மி. அல்ஹம்துலில்லா, இதுவரைக்கும் யாரும் திட்டல."

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வெறும் டீயோடு ஒரு மனிதர் எழுந்து போனால் அந்தக் காசில் பரக்கத் இருக்காதாம், காசு பெருகாதாம்.

பகல் ஒரு மணி. ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் இருபது நயா பைசா. காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். ஆடித் தண்ணீர், செம்மண் நிறத்தில், இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போயிற்று. அணை மதகு திறந்ததிலிருந்து தினமும் இப்படித்தான் சாய்கிறார்களாம். "பஸ்ஸுக்குத்தான் ஒரு பக்கம் ஸ்பிரிங் போச்சு" என்றார் டிரைவர்.

பசியோடு சித்திரை வீதியில் புதிதாகத் திறந்திருந்த சேஷாத்ரி ஐயங்கார் மெஸ்ஸில் நுழைந்து, "ரெண்டு சாப்பாடு" என்றோம். அவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஏகாதசியன்னிக்கு ஸ்ரீரங்கத்துல வந்து சாதம் கேட்கறேளே ஸ்வாமி! பெருமாள் காதுல விழப்போறது, மெதுவாச் சொல்லுங்கோ. அடியேன் அடுப்பே மூட்டலை."

நாள் பார்த்துத்தான் வேலைக்கே போகும் கல்யாணச் சமையல்காரர், முகூர்த்தம் இல்லாத மாதம் என்று பஞ்சாங்கத்தையே மூடி வைத்துவிட்டார். வாழைப்பழமும் பாலும் சாப்பிட்டுச் சத்திரத்தில் படுத்தோம். ஐயங்கார், "நாளைக்குத் துவாதசி. ஆறு மணிக்குப் பாரணைக்கு இலை போட்டுடுவேன், வந்துடுங்கோ" என்று சொல்லியிருந்தார்.

வியாழன், காலை ஆறு. ஒரு நாள் பட்டினி கிடந்த ஊர் மொத்தமும் விடியும் முன்பே சமையல் முடித்துச் சாப்பிட உட்காரும் அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீதி நெடுக அகத்திக்கீரை வேகும் வாசனை. மெஸ்ஸில் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, வறுத்த சுண்டைக்காய். துவாதசியில் புளி கூடாது என்பதால் எலுமிச்சம்பழ ரசம். எழுபத்தைந்து நயா பைசா.

அந்த ரசத்தை ஒரு வாய் உறிஞ்சியதும் மாப்பிள்ளை இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு அடுக்களை வாசலில் போய் நின்றுவிட்டார். உள்ளே சாம்பல் நிறத்தில் மூன்று ஈயச் சொம்புகள் நுரைத்துக்கொண்டிருந்தன. பத்துப் பேருக்கு ஒரு சொம்பு. தீர்ந்தால் அடுத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஈயச் சொம்பு புழங்குவதில்லை. கேள்விப்பட்டிருந்தாரே தவிரக் கையில் எடுத்ததில்லை.

"இதுதான் மச்சான். அளவை நாம வச்சுக்க வேணாம், சொம்பே வச்சுக்குது!"

ஐயங்கார் எச்சரித்தார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்கோ. ஈயத்துக்குக் கோபம் ஜாஸ்தி. வயத்துல ஜலம் இல்லாம அடுப்புல ஏத்தினேளோ, உருகி ஓடிடும். முதல்ல ஜலம், அப்புறம்தான் நெருப்பு."

பாத்திரக் கடையில் பதினொரு ரூபாய்க்கு ஒரு சொம்பு வாங்கினோம். பத்துப் பத்தாக இரண்டு ஈடு போட்டால் இருபது பேர். ராஜாமணியம்மாள் வழி.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் காட்டூர். தஞ்சாவூர் ரோட்டில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு தட்டிக் கடை; தயிர்சாதமும் மோர்மிளகாயும் பதினைந்து நயா பைசா. புதுச் சொம்பில் ஒத்திகை பார்க்க, கடைக்கார அம்மாள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு அடுப்பைக் கொடுத்தார். சொம்பை வாங்கி அவரே தண்ணீர் மொண்டு வைத்தார். மாப்பிள்ளை ரசம் வைத்தார். ஒரு லாரி டிரைவர் உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, "எந்த ஊருங்க நீங்க? இங்கேயே இருந்துடுங்களேன்" என்றார். மாப்பிள்ளை அப்போதே கடை திறந்துவிட்ட முகத்தோடு இருந்தார்.

வெள்ளி, காலை எட்டு மணி. துவாக்குடி, திருச்சியிலிருந்து பன்னிரண்டு மைல். ஆடிக் காற்று செம்மண்ணை அள்ளி ஊரையே பூசிக்கொண்டிருந்தது. தகரத் தடுப்பு வைத்து, கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். மாப்பிள்ளை இரவெல்லாம் மனப்பாடம் செய்தபடி ஆழாக்கால் எண்ணி எண்ணி அளந்தார். பதினொன்றரைக்குள் சோறு, சாம்பார், கத்தரிக்காய்க் கறி மூன்றும் இருபது பேருக்குக் கச்சிதமாக முடிந்தன. பாக்கி ரசம் ஒன்றுதான்.

நான் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வேலையில், கழுவிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி ஈரம் சுண்டவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பார்கள். பதினைந்து வருடப் பழக்கம். கழுவினார், ஏற்றினார், புளி கரைக்கத் திரும்பினார். சுர்ரென்று ஒரு சத்தம். பார்த்தால், சொம்பு முழங்கால் மடங்கிய ஆள் மாதிரி அடுப்பில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் விறகுக்கு நடுவே பளபளவென்று ஓடிச் சாம்பலில் உறைந்தது.

"மச்சான்..." என்றார்.

"ஐயங்கார் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"காது கேட்டுச்சு மச்சான். கை கேக்கல."

வேறு காலிப் பாத்திரம் ஏது? அண்டாதான். அதை அடுப்பில் ஏற்றியதும் அவருடைய தோள் தானாக நிமிர்ந்தது. அப்புறம் நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை; கைதான் பொறுப்பு. நிரம்பத் தண்ணீர் விட்டது, புளியை அள்ளியது, மிளகைக் கொட்டியது, உப்பை வீசியது. ஆழாக்கு ஓரமாகக் கிடந்தது. கொதி வந்து, கரண்டியால் எடுத்து நாக்கில் விட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. நூறு பேருக்கு." அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "மேஸ்திரி இந்த அண்டாவைப் பார்த்ததும், இருபது பேருக்கு ரசம் வைக்கத் தெரியாதவனுக்குக் கடை எதுக்குன்னு கேப்பாரு. மரகதத்துக்கிட்ட என்ன சொல்வீங்க மச்சான்?"

பன்னிரண்டரை மணி அடித்தது. கொத்தனார்கள் கை கழுவ, தூரத்தில் வேப்பமரத்தடியில் சித்தாள்களும் மண் வெட்டுகிறவர்களும் எண்பது பேருக்குக் குறையாமல் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். உள்ளே நேற்று வடித்த சோறு, கடித்துக்கொள்ள ஒரு வெங்காயம். மாப்பிள்ளை அவர்களையே பார்த்தார். சட்டென்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"உப்பைக் குறைக்க முடியாது மச்சான். ஆளைக் கூட்டலாம். நீங்க கொத்தனாருங்களைக் கவனிங்க."

வாளியில் ரசத்தை மொண்டுகொண்டு, பந்தியில் நடக்கிற நடையில் மரத்தடிக்குப் போனார். "ரசம்... ரசம்... சூடா ரசம்..."

"எவ்வளவுங்க?" என்று ஒரு சித்தாள் சட்டியை மறைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா, சட்டியை நீட்டு."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

"மாப்பிள்ளை நம்ம மேஸ்திரிதான்டி, பொண்ணுதான் யாருன்னு தெரியல" என்று பின்னாலிருந்து ஒருத்தி குரல் கொடுக்க, மரத்தடியே சிரித்தது.

ஒவ்வொரு சட்டியிலும் ஊற்றுவதற்கு முன் அவர் ஒரு கணம் முகத்தைப் பார்த்தார். கூட வேண்டும் என்பவர் யார், போதும் என்பவர் யார் என்று கேட்காமலே கரண்டி சாய்ந்தது. நாலு வாளி. அண்டா அடி தெரிந்தது.

அந்தோணி மேஸ்திரி இலையில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். மாப்பிள்ளை காலி வாளியோடு வந்து நின்றதும் சொன்னார்:

"சாம்பார் நல்லா இருக்கு. எல்லாரும் வைக்கிற சாம்பார்தான். ஆனா ஒண்ணுங்க. எட்டு மாசமா இந்த மரத்தடியைப் பார்க்கிறேன். தலையைக் குனிஞ்சு தின்னுட்டு எந்திரிக்குங்க. இன்னைக்குத்தான் சத்தம் கேக்குது."

"மன்னிக்கணும்ங்க, இருபது பேருக்குன்னுதான்..."

"இருபதை விடுங்க. அந்த அண்டாவுக்கு எவ்வளவு இடம் வேணும், சொல்லுங்க."

சோறு அவரவர் கொண்டுவருவது. சூடான ரசமோ குழம்போ கரண்டி மூன்று நயா பைசா. அங்கேயே முடிவாயிற்று. ஆவணி பிறந்ததும் கொட்டகை. மூங்கிலுக்கு ஆள் பார்க்க மாப்பிள்ளை தங்கிவிட்டார், அண்டாவும் தங்கிவிட்டது. சாம்பலில் உறைந்த ஈயக்கட்டியை மட்டும் கழுவித் துணியில் சுற்றி நான் எடுத்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் காட்டூர் அம்மாளுக்குக் கையசைத்தேன். எல்லாக் கடையிலும் அளவு படிக்கப் போனோம். ஆளுக்கு ஓர் அளவு வைத்திருந்தார்கள். எங்கள் புதுக்கோட்டையில் ஒரே ஓட்டலில் இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன், அங்கே என் முகத்தை யாராவது பார்த்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை காலை வீட்டுப் படி ஏறினதும் மரகதம் கேட்டாள், "உப்பு சரியா இருந்துச்சா அண்ணே?"

"நூறு பேருக்குச் சரியா இருந்துச்சு. கொட்டகைக்கு மூங்கில் வாங்கப் போயிருக்காரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த துணிமூட்டையைப் பிரித்துப் பார்த்து, "இது என்னது?" என்றாள்.

"இருபது பேருக்கு ரசம்."

முழுக் கதையையும் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எப்பத்தான் இவர் ரெண்டு பேருக்கு ரசம் வைக்கக் கத்துக்கிறது?" என்றேன்.

"அதை எதுக்கு அவர் கத்துக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ப் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, முதல் சாமானாக அந்த ஈயக்கட்டியை வைத்தாள்.