கொடி ஏறாத கம்பம்

மகளின் அளவையியல் கொப்பியை நேற்று ஏன்தான் திறந்தேனோ. முதல் பக்கத்திலேயே P, Q, நடுவில் ஓர் அம்புக்குறி. பட்டென்று மூடிவிட்டேன். இத்தனை வருடமாகியும் அந்த அதிர்ச்சி போகவில்லை, பாருங்கள்.

உயர்தரம் படித்த காலத்தில் அந்தப் பாடத்தில் எனக்குப் பெரிய எடுப்பு. வீட்டில் யார் வாய் திறந்தாலும் குறியீடாக்கிவிடுவேன். சாப்பிடு, அல்லது அடி விழும் என்று அம்மா ஒருநாள் சொன்னார். சாப்பிட்டேன், வாய் காட்டியதற்கு அடியும் விழுந்தது. இரண்டும் நடந்தாலும் 'அல்லது' பொய்யாகாது என்று அழுதபடியே அம்மாவுக்கு விளக்கினேன்.

எங்கள் வீடு துறைமுகப் பக்கம். யன்னலைத் திறந்தால் டீசல் மணத்தோடு, அக்கரை மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு கட்டும் இறங்குதுறை தெரியும், அங்கே ஒரு கொடிக்கம்பமும். கடல் கொந்தளித்தால் சிவப்புக் கொடி ஏறும். ஏறினால் லோஞ்ச் ஓடாது. P → ~Q. அதையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.

வகுப்பில் என் பக்கத்துக் கதிரை சகீனாவுடையது. மூதூர்க்காரி. ஊருக்குப் போனால், திரும்பும் நாளில் விடியவே எனக்குப் போன் எடுத்துக் கொடியை விசாரிப்பாள். கொடி இருந்தால் ஊர் சுற்றி வரும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆறுதலாக லோஞ்சில் வரலாம்.

அளவையியல் பரீட்சை ஒரு பிற்பகலில். எனக்கு முதல் தடவை, அவளுக்கு மூன்றாவது. அதற்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கமாட்டார்கள். அன்றும் விடியவே போன் எடுத்தாள்.

"கொடி நிக்குதா?"

எட்டிப் பார்த்தேன். வெறும் கம்பம். "இல்லை. லோஞ்ச் ஓடும். நீ ஆறுதலா வா."

மண்டபத்தில் அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. வந்துவிடுவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். நாலாவது கேள்வி: மழை பெய்தால் விளையாட்டுப் போட்டி நடைபெறாது. மழை பெய்யவில்லை. ஆகவே போட்டி நடைபெறும். இவ்வாதம் வலிதா?

சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினேன். வலிதற்றது; முடிவு செல்லாது. மழை இல்லாவிட்டாலும் வேறு காரணத்தால் போட்டி நின்றுபோகலாம்.

பேனை அப்படியே நின்றது. காலையில் நான் சொன்னது இதே பிழைதான்.

அன்று கடல் குளம்போல் கிடந்ததாம். லோஞ்சின் எஞ்சின்தான் பழுது. அதற்கெல்லாம் கொடி ஏற்றுவதில்லை. அவள் மூதூர்த் துறைக்குப் போய்க் கேட்டறிந்தபோது பஸ் போய் வெகுநேரமாகியிருந்தது.

பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன். அழவில்லை, ஏசவில்லை. "நீ சொன்னதாலதான் நான் பஸ்ஸுக்குப் போகல்ல" என்றாள். அவ்வளவுதான்.

மூதூர் வீதியில் பாலங்கள் வந்தபிறகு லோஞ்ச் நின்றுவிட்டது. கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். மண்டபத்தில் அந்தக் கேள்விக்கு எழுதியதை நான் வெட்டவில்லை. அளவையியலில் எனக்கு A. சகீனாவின் இலக்கம் இன்னும் மனப்பாடம். நேற்றும் எடுத்துப் பார்த்தேன். பாவனையில் இல்லை என்கிறது.