ஒதிலியா கேட்காத கேள்வி

இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவின் தெற்குக் கரையில், மாதா கோவிலுக்குத் தகரக் கூரை போட்ட வருஷத்தில்தான் ஒதிலியாவின் புருஷன் காஸ்பர் கடலோடு போனான். கூரைக்கு உத்தரம் தூக்கிய தோள்களில் ஒன்று அவனுடையது. அதற்கு நாலாம் நாள் காலையில் ஏழு பேர் ஏறிப் போன படகு ஆறு பேரோடு கரைக்கு வந்தது.

காஸ்பர் ஈட்டிக்காரன். படகின் மூக்கில் மூங்கில் தட்டின்மேல் நின்று, பெரிய மீன் தெரிந்ததும் ஈட்டியோடு அதன் முதுகில் குதிக்கிற வேலை. அன்று மாட்டியது ஒரு ராட்சதத் திருக்கை. அது ஆழத்துக்குப் பாய்ந்த வேகத்தில் ஓடிய கயிறு அவன் காலில் சுற்றிக்கொண்டது. படகு கவிழப் பார்த்தது. தம்பி கிறிஸ்பின் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினான். படகு நிமிர்ந்தது. காஸ்பர் மேலே வரவில்லை. கரைக்கு வந்தவர்கள் சொன்னது இவ்வளவுதான்.

மூன்று நாள் தேடினார்கள். ஒரு துணி கூடக் கிடைக்கவில்லை. காஸ்பர் போன அன்று மத்தியானம் மேற்கே ஒரு சரக்குக் கப்பல் போனதைப் பார்த்ததாக மலைத்தோட்டத்தில் இருந்த ஒருவன் சொன்னான். அது அவனைத் தூக்கிப் போயிருக்கலாம் என்று, அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒதிலியா உட்கார்ந்துவிட்டாள்.

கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், பழுப்பு வரி ஓடிய சுருள் சங்கு ஒன்றைக் கடலில் தேடி எடுத்து, அவன் துணியைச் சுற்றிப் பெட்டியில் வைத்துப் புதைப்பது அவர்கள் வழக்கம். நாற்பது நாள் ஆனதும் கிறிஸ்பின் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, சங்கு எடுத்துட்டு வரட்டுமா?"

"யாருக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"செத்ததை யாராவது கண்ணால பாத்தீங்களா? ஆறு பேர்ல ஒருத்தர் பாத்தேன்னு சொல்லட்டும். நானே பெட்டி செய்யச் சொல்றேன்."

பக்கத்து வீட்டு பெனெதிக்தாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஊருல எல்லாருக்கும் ஒரு நியாயம், உனக்கு மட்டும் மாதா தனியாத் தந்தி அடிச்சிருக்காளோ?" என்றாள். ஒதிலியா காய்ந்த மீன் பத்தைகளைக் கூடையில் அடுக்கினாள். மறுநாள் சந்தை. மலைக்காரர்களிடம் மீனைக் கொடுத்துச் சோளம் மாற்றிக்கொண்டு வந்தால்தான் அவளும் ஆறு வயது லூசியாவும் சாப்பிட முடியும்.

பங்குச் சாமியார் லாம்பர்ட்டிடம் பூசை கேட்கப் போனாள். "எந்தக் கருத்துக்கும்மா? ஆத்துமா இளைப்பாறவா, பத்திரமாத் திரும்பி வரவா?" என்று அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியல சாமி. ஆண்டவருக்குத் தெரியும்ல? எதுக்குப் பொருந்துமோ அதுக்கு அவரே வச்சுக்கட்டும்."

சாமியார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் நோட்டில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

அவள் நம்பிக்கை அப்படித்தான், பாதி திறந்த கதவு மாதிரி இருந்தது. உறுதியாக எதையும் வேண்டிக்கொள்ள முடியவில்லை. ஆனால் செபமாலையை விடவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு மணிக்கும் அவள் செபத்தின் முதல் பாதியைச் சொல்வாள், காஸ்பர் பாயில் சாய்ந்தபடி தூக்கக் குரலில் மறுபாதியைச் சொல்வான். மூன்றாம் பத்துக்குள் குறட்டை வந்துவிடும். அவள் தொடையில் கிள்ளுவாள். "சொல்லிக்கிட்டுத்தானடி இருக்கேன்" என்று திடுக்கிட்டு எழுந்து, இருபது மணி தாண்டிப் போய் ஆரம்பிப்பான். இப்போது இரண்டு பாதியையும் அவளே சொன்னாள்.

செப்டம்பரில் அந்தச் சத்தம் தொடங்கியது.

அந்தக் கரையில் மத்தியானம்தான் பயமான நேரம். கறுப்பு மணல் கொதிக்கும். நாய்கூட நடமாடாது. பன்னிரண்டு மணிக் கோவில் மணி அடித்து ஓய்ந்ததும் ஊரே படுத்துவிடும். அப்படி ஒரு மத்தியானம், வீட்டுக்குப் பின்னால், யாரோ படகிலிருந்து தண்ணீர் இறைப்பது கேட்டது. மரக்குடுவை பலகையில் உரசுகிற சத்தம். பிறகு தண்ணீர் விழுகிற சத்தம். சரக்... சளப். சரக்... சளப். அங்கே படகு ஏது? பின்பக்கம் முழுக்கப் பாறையும் கள்ளியும்தான்.

மூன்றாம் நாள் பெனெதிக்தாவே ஓடி வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"அடியே, உன் வீட்டுப் பின்னால யாருடி?"

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குதாவா? என் கோழியெல்லாம் கூரை மேல ஏறி நிக்குதுடி. இங்க பாரு, பேர் சொல்லிக் கூப்பிட்டா வாயைத் திறந்துடாதே. கடல் பக்கத்துலேருந்து வர்ற குரலுக்கு முதல் தடவையில பதில் சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்தும், மறுநாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து "ஒதி" என்று ஒரு குரல் வந்தபோது, "என்னங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். அவளை அப்படிச் சுருக்கிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

"திறக்காதே, ஒதி. எனக்கு இன்னும் நேரம் வரல."

காஸ்பரின் குரலேதான். தொண்டையில் தண்ணீர் நின்றது போலக் கொஞ்சம் அடைத்திருந்தது.

"எங்க இருக்கீங்க? உயிரோட இருக்கீங்களா?"

"வந்துக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா வர்றேன். நீ அந்த மணியை உருட்டுறியே, அந்தச் சத்தம் என்னைத் தள்ளித் தள்ளி விடுது. அதை நிறுத்து. நிறுத்தினா உள்ள வந்துடுவேன்."

பிறகு தாழ்ந்த குரலில், "தம்பி என்னை வேணும்னே வெட்டி விட்டான், ஒதி" என்றது.

நாலு மாதம் காத்துக் கிடந்தவள் வேறு என்ன செய்வாள்? செபமாலையைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகவில்லை.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாயில் அவன் படுக்கிற பக்கம் காலையில் ஈரமாக இருந்தது. திமிங்கில எண்ணெய் வாசனை வீட்டுக்குள் வந்தது, அவன் தலைமுடியில் எப்போதும் இருந்த வாசனை. நாலாம் நாள் இடித்து வைத்த சோளம் முழுக்க உப்புக் கரித்தது. குடிதண்ணீரும் கரித்தது. ஆறாம் நாள் லூசியா மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைப் பாத்துடி சிரிக்கிறே?"

"அப்பா நிக்கிறாரு."

ஒதிலியாவுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. "அப்பா என்ன பண்றாரு?"

"சுவத்தைப் பாத்துக்கிட்டே நிக்கிறாரும்மா. திரும்பச் சொன்னா திரும்ப மாட்டேங்கிறாரு. முகம் இன்னும் வரலையாம்."

ஒதிலியா பிள்ளையை வாரி எடுத்தாள். உடம்பு மழையில் நனைந்த கல்லைப் போல் குளிர்ந்திருந்தது. அன்றிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை. ஊட்டினால் உதட்டோரம் வழியவிட்டாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தால் உப்பாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கிறிஸ்பின் வந்தான். கண் குழி விழுந்து, ஆள் பாதியாகியிருந்தான். வாசலிலேயே மண்டி போட்டுவிட்டான்.

"அண்ணி, என் வீட்டுக்குப் பின்னாலயும் தண்ணி இறைக்குது. அண்ணனை வெட்டி விட்டவன்னு என்னைச் சொல்லுது. நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்."

"சொல்லு."

"அண்ணன் உடனே முங்கல. ரெண்டு கையாலயும் படகு விளிம்பைப் பிடிச்சிருந்துச்சு. என் மூஞ்சிக்கு நேரா. கயிறு இழுக்குது, படகு சாயுது. 'வெட்டுடா, ஆறு வீடு இருக்கு, வெட்டுடா'ன்னு கத்துச்சு. நான் மாட்டேன்னுட்டேன் அண்ணி. சத்தியமா மாட்டேன்னுட்டேன். அப்புறம் அதுவே ஒரு கையை எடுத்து நெத்தியில சிலுவை போட்டுக்கிச்சு. மத்த கையையும் விட்டுருச்சு. அதுக்கப்புறம்தான் வெட்டினேன்."

"இதை ஏண்டா இத்தனை நாள் சொல்லல?"

"செத்தவன் மேல போட்டுத் தப்பிக்கப் பாக்கிறான்னு நினைப்பீங்களே."

ஒதிலியாவுக்கு அழுகை வரவில்லை. கையை விட்டவன் யார், கதவுக்கு வெளியே குறை சொல்கிறவன் யார் என்று யோசித்தாள். கடைசி மூச்சில் சிலுவை போட்டுக்கொண்டவனை மணி உருட்டுகிற சத்தம் தள்ளுமா? கிறிஸ்பினை எழுப்பி உட்கார வைத்தாள். லூசியாவை அவன் மடியில் கொடுத்தாள். பானையை நகர்த்திச் செபமாலையை எடுத்தாள்.

பன்னிரண்டு மணி அடித்தது. கடைசி மணியின் அதிர்வு அடங்குவதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது. சரக்... சளப்.

"ஒதி."

அவள் கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். பலகைக்குக் கீழே தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. அவள் சேலை விளிம்பு நனைந்தது.

"இருக்கேங்க. நான் பாதி சொல்றேன், நீங்க மீதியைச் சொல்லுங்க. எப்பவும் சொல்ற மாதிரி."

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி முதல் பாதியை முடித்தாள். காத்திருந்தாள்.

வெளியே இறைப்பு நின்றது. ஒன்றும் வரவில்லை.

"தூக்கமா வருது? சும்மா முணுமுணுத்தாலும் போதும்."

எதுவும் வரவில்லை. கதவின் மறுபக்கம், அவள் முகத்துக்கு நேரே, ஏதோ பலகையோடு ஒட்டி மூச்சுவிடாமல் நிற்பது மட்டும் தெரிந்தது. மறுபாதியை அவளே சொன்னாள். செபமாலையின் அடுத்த மணிக்கு நகர்ந்தாள். மறுபடி முதல் பாதி, மறுபடி காத்திருப்பு. பத்து மணிகள் உருளும்வரை அப்படியே செய்தாள். பத்தாவதில்தான் குரல் வந்தது. இப்போது அதில் காஸ்பர் இல்லை. ஆண் குரலா பெண் குரலா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"சரி, நான் அவன் இல்ல. ஆனா அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். செத்துட்டானா, கப்பல்காரன் எடுத்துட்டுப் போனானா, எல்லாம் தெரியும். கேளு, சொல்லிட்டுப் போயிடறேன். ஒரே ஒரு தடவை கேளு."

ஒதிலியாவின் வாய் திறந்துகொண்டது. நாலு மாதமாக அவள் நெஞ்சில் இருந்தது அந்த ஒரே கேள்விதான். நாக்கு வரை வந்துவிட்டது. பின்னால் கிறிஸ்பின், "கேளுங்க அண்ணி... கேட்டுருங்க" என்று விம்மினான். அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அவள் செபமாலையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். மணிகள் பல்லில் நெரிந்தன. கண்ணீர் வழிய வழிய, தொண்டைக்குள்ளேயே, இன்னதென்று புரியாத சத்தமாக அடுத்த செபத்தை ஊமை போலச் சொன்னாள். "தெரிய வேண்டியவருக்குத் தெரியும்" என்று நினைத்தாள். அதை முழுசாக நம்பினாளா என்று பிற்பாடு ஊரில் யாரோ கேட்டபோது, "அந்த நேரம் எனக்கு நம்பிக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பல்லுதான் இருந்துச்சு" என்றாள்.

கதவுக்கு வெளியே கனமான ஈரப் பாய் ஒன்றைக் கல்லில் இழுப்பது போன்ற சத்தம் எழுந்தது. அது மெல்ல மெல்லக் கடல் பக்கம் போய்த் தேய்ந்தது. லூசியா சித்தப்பன் மடியில் நெளிந்து, "பசிக்குது" என்றாள்.

சாயங்காலம் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "துக்கம் மனுசனை என்னென்னவோ பண்ணும்மா" என்றார்.

"இருக்கலாம் சாமி. ஆனா தரை நனைஞ்சிருந்துச்சு."

சாமியார் வந்து பார்த்தார். கதவுக்குக் கீழே உப்புப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வீட்டைச் சுற்றித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். கதவருகே மட்டும் அவர் இரண்டாம் தடவை தெளித்ததை ஒதிலியா பார்த்தாள். அது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

நவம்பரில் அவளே கிறிஸ்பினைக் கூப்பிட்டுச் சங்கு எடுத்து வரச் சொன்னாள். "செத்துட்டார்னு தெரிஞ்சதால இல்ல. தெரியாததையும் ஒரு எடத்துல வைக்கணும்ல" என்றாள். காஸ்பரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் சுற்றிப் புதைத்தார்கள். கிறிஸ்பின்தான் குழி வெட்டினான். அதற்குப் பிறகு அவன் ஈட்டி வேலைக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டுக்கும் சேர்த்துத் துடுப்பு போட்டான். பெனெதிக்தா மட்டும், "அதுகிட்ட என் தொலைஞ்சு போன கம்மலைப் பத்தியாவது கேட்டிருக்கலாம்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒதிலியாவுக்கு அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மத்தியானங்கள் அமைதியாகிவிட்டன. மனசு ஆகவில்லை. சில வாரம் கோவிலில் கல்லாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவாள். சில வாரம் ஆண்டவரோடு வாய்விட்டுச் சண்டை போடுவாள். சந்தைப் பாதையில் தலையில் மீன் கூடையோடு ஏறும்போது, எதிரே வருகிற அந்நிய ஆண்பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை பார்க்கிற பழக்கம் அவளை விடவில்லை.

பதினாலு வருஷம் கழித்து லூசியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோவில் பதிவேட்டில் எழுத உபதேசியார் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர், புதிசு.

"பொண்ணோட தகப்பனார் உயிரோட இருக்காராம்மா?"

"இறந்துட்டார்னு போடுங்க."

"எந்தத் தேதி?"

அவள் தயங்கினாள். அவர் நிமிர்ந்து, "இறந்தது உறுதிதானே?" என்றார்.

"உறுதி இல்ல. போடுங்க."

அவர் குழம்பிப்போய் அவளையே பார்த்தார். அப்புறம் எழுதினார். மையின் மேல் ஊதி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். ஒதிலியா பெயரைக் கோணலாக எழுதிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் சீர்ப் பன்றியோடு வந்துவிடுவார்கள், அதற்குள் அரிசி ஊறப்போட வேண்டும் என்று எழுந்து போனாள்.