நல்ல தகப்பன் என்று சாட்சி சொன்னேன்

தேயிலைத் தோட்டத்து லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள்; அந்த அறையைக் காம்பரா என்போம். எங்கள் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் யார் தும்மினாலும் இந்தப் பக்கம் கேட்கும். அதனால்தான் பதுளைக் கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

அடுத்த காம்பராவில் இருந்தவர் தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். மனைவி காய்ச்சலில் போனபின் ஐந்து வயதுப் பெண்பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தார். தலைவாரி, பேன் பார்த்து, சோறு பிசைந்து ஊட்டுவார். லயத்துப் பெண்கள் புருஷன்மாரைத் திட்ட வேண்டுமானால் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

பிள்ளையின் சித்தி ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. ஒருமுறை வந்து, "அத்தான், புள்ளய எங்கிட்ட விடுங்க, நான் வளக்குறேன்" என்று கேட்டாள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவள் போனதும் என்னிடம், "தாயில்லாப் புள்ள இன்னொருத்தர் வீட்டுல எச்சித் தட்டு கழுவக் கூடாது தங்கச்சி" என்றார். நியாயம்தான் என்று தலையாட்டினேன்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. துப்புவதைத் தானே உற்றுப் பார்ப்பார். ஒருநாள் "ரத்தம்" என்றார். நானும் பார்த்தேன். வெற்றிலைச் சாறு.

"ஒனக்குத் தெரியாது. நெஞ்சு போச்சு. நான் போயிட்டா இவளுக்கு யாரு?"

"சித்தி இருக்காளே அண்ணே."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மருந்துக்குப் போகவில்லை. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தேறிவிட்டார் என்று லயத்தில் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, திருவிழாவுக்கு எடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டார். அது என்னிடம் ஓடிவந்து, "அத்தே, நானும் அப்பாவும் ஆத்துக்குப் போறோம்" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனது.

மத்தியானம் அவர் தனியாக வந்தார். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. எங்கள் வாசலில் உட்கார்ந்தார்.

"புள்ள எங்கண்ணே?"

"அனுப்பிட்டேன் தங்கச்சி."

"சித்தி வீட்டுக்கா?"

"அவ அம்மாகிட்ட." பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் கூடப் போகத்தான் எறங்குனேன். காலு தரைய விடமாட்டேங்குது."

என் வீட்டுக்காரர்தான் முதலில் ஓடினார். ஆற்றிலிருந்து பிள்ளையைப் பிணமாகத் தூக்கி வந்தவரும் அவரே.

வேலை வாங்கும் கங்காணி வந்தார், தோட்டத் துரை வந்தார், பிறகு பொலிஸ் வந்தது. வாசலில் இருந்த அண்ணன் எழுந்து கைகளை நீட்டினார். போகும்போது, கோழிகளை அடைத்துவிடும்படி என்னிடம் சொன்னார். அடைத்தேன்.

கோர்ட்டில் வெள்ளைக்கார நீதிபதி இங்கிலீஷில் கேட்பார். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அதைத் தமிழில் சொல்வார். அந்தத் தமிழே எனக்குப் பாதிதான் விளங்கியது.

"இவர் பிள்ளைக்கு அடிக்கிறவரோ?"

"இல்லீங்க."

"ஒரு நாளும் இல்லையோ?"

"சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டாருங்க. நல்ல தகப்பன்ங்க."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

யாழ்ப்பாணத்துக்காரர் அதை இங்கிலீஷாக்கினார். நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூண்டில் நின்றவர் நன்றி சொல்வதுபோலத் தலையசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்து டாக்டர் வந்தார். அண்ணனுடைய நெஞ்சைச் சோதித்ததாகவும் ஒரு நோயும் இல்லை என்றும் சொன்னார். வெறும் மழைக்கால இருமலாம். இப்போது அதுவும் நின்றுவிட்டதாம்.

தமிழில் கேட்டதும் கூண்டில் நின்றவர், "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். சொன்னார்கள்.

"அப்ப நான் சாகமாட்டேனா?"

அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

தூக்குத் தண்டனை கொடுக்கவில்லை. புத்தி பேதலித்தவர் என்று கொழும்புக்கு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது சித்தி ஹாலிஎல வரை எங்களோடு நடந்தாள். "எங்கிட்ட குடுக்க மனசு வரல. எமங்கிட்ட குடுக்க மட்டும் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். குடித்துவிட்டோ கோபத்திலோ செய்திருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். அவருக்குப் பிள்ளை தன் கை, கால் மாதிரி. தான் இல்லாமல் அது தனியாகச் சாப்பிடும், சிரிக்கும், வளரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது.

அந்தக் காம்பராவைப் பிறகு பெரகலப் பக்கமிருந்து வந்த குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஆள் தினமும் குடித்துவிட்டுப் பிள்ளைகளை அடிப்பான். நான் போய்ச் சண்டை போடுவேன். அவன் பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து, கல்யாணமாகிப் போனார்கள்.