செவலைக்கு அம்மா போட்ட மாலிஷ்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் கன்னட மிஸ் ஒருநாள் ஒவ்வொருவரையாக எழுப்பி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். என் முறை வந்தபோது, குதிரைக்கு மாலிஷ் போடுகிறார் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, அப்படியென்றால் குதிரைக்கு முடி வெட்டுவது யார், உன் சித்தப்பாவா என்றார். பிடரி மயிரைக் கத்தரிக்கிற வேலையை உண்மையிலேயே சித்தப்பாதான் செய்துகொண்டிருந்தார். அதனால் "ஆமாம் மிஸ்" என்றேன். அதற்குப் பிறகு அப்பாவின் வேலையைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள், மைசூர் ரேஸ் கோர்ஸுக்குப் பின்புறம் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்கு லாயத்திலேயே படுக்கை. தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, நடத்திக்கொண்டு போவது எல்லாம் அவர் வேலை. அப்பாவின் வேலை வேறு. விடியற்காலையில் ஓடிவிட்டு வரும் குதிரைகளுக்கு வெயில் ஏற ஏறத் தோளும் முதுகும் தொடையும் இறுகிப்போகும். அந்த இறுக்கத்தை உள்ளங்கையாலும் முழங்கையாலும் அழுத்தி, நீவி, பிசைந்து எடுப்பது அப்பா. ஒரு குதிரைக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும்.

மாலிஷ்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு குதிரையை ஒரு கைதான் தொடலாம். ஒருவர் வராமல்போய் இன்னொருவர் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குதிரை அவருடையது. முதல் ஆள் திரும்பி வந்தாலும் கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டார்கள்.

அப்பாவின் கையில் இருந்த குதிரைகளில் முக்கியமானது ஒரு பெட்டை. ரேஸ் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்களுக்கு அது செவலை. யார் கிட்டே போனாலும் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டும். அப்பாவிடம் மட்டும் நிற்கும். அது நின்றதைப் பார்த்துத்தான் லாயத்து முதலாளி மற்ற குதிரைகளையும் அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். செவலை போனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு அம்மை போட்டது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பது நின்றது. துணி துவைப்பது நின்றது. சித்தப்பா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அப்பாவுக்கு வெறும் காய்ச்சல் என்று லாயத்தில் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மறுநாள் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"அண்ணி, செவலை எட்டே எடுத்து வெக்க மாட்டேங்கறா. இடது தோள் கல்லாட்டம் இருக்குது. நீவி விடலாம்னு போனேனுங், சட்டையோட கடிச்சு இழுத்துட்டா. பாருங்க." கிழிந்த கையைக் காட்டினார். "மொதலாளி பெங்களூருலிருந்து ஆளைக் கூப்பிடலாம்ங்கறாரு. தம்பி கை அண்ணன் கணக்குத்தானுங்க, மாலிஷ் நானே போட்டுர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்."

"போட்டியா?"

"எங்கிங் போட? அவ தொடவுடணுமில்ல?"

உள்ளே பாயில் படுத்திருந்த அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா நிலைப்படிக்கு வந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாடு கொண்டாறேன். பின்கேட்டைத் தெறந்து வை."

"அம்மை போட்ட ஊட்ல இருந்து வெளிய வரக் கூடாதுங்களே அண்ணி."

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீ கேட்டைத் தெற."

பெண்கள் லாயத்துக்குள் போவதில்லை. வேலையாட்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் கேட்டோடு நிற்பார்கள். மத்தியானம் முதலாளி வீட்டுக்குப் போய்விடுவார், ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் தூங்குவார்கள். கூடவே ஒரு பிள்ளை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று என்னையும் அழைத்துப்போனாள். எனக்கு ஏற்கனவே அம்மை வந்து போயிருந்தது. பின்கேட்டில் காவலுக்கு இருந்தவர் கேரியரைப் பார்த்து, சாப்பாடா என்று கன்னடத்தில் கேட்டார்: "ஊட்டானா?" "ஊட்டா அண்ணா" என்று சொல்லிக்கொண்டே அம்மா அவரைத் தாண்டிப் போய்விட்டாள். இடுப்பில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. செவலை மூக்கை நீட்டி மோந்தாள். மஞ்சள் வாசமும் வேப்பிலை வாசமும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பின்பக்கத்தைத் திருப்பினாள். சித்தப்பா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

"வாங்க அண்ணி, போயிரலாம். ஒதைச்சான்னா எண்ணிப் பொறுக்கறதுக்குப் பல்லு மிஞ்சாது."

வீட்டுக்கு வந்து அம்மா நடந்ததைச் சொன்னாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு இரண்டே விஷயம் சொன்னார். தள்ளி நின்றால்தான் உதைக்கும், தோளை ஒட்டி நில். ஆணியில் என் சட்டை கிடக்கிறது, போட்டுக்கொண்டு போ. எப்படி அழுத்துவது, எங்கே தொடங்குவது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அம்மை போட்ட வீடு என்பதால் துவைக்காமல் கிடந்த சட்டை அது. தைல நாற்றம் மூக்கைத் துளைத்தது. மறுநாள் லாயத்தில் அம்மா அதைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். சித்தப்பா சிரிப்பை அடக்க வாளிப் பக்கம் குனிந்தார். செவலை கைப்பகுதியை மோந்தாள், காலரை மோந்தாள். காது முன்னால் வந்தது. அம்மா தோளை ஒட்டி நின்று, வெறுங்கையை வைத்தாள். எண்ணெய் தொடவில்லை. அது ஆத்தாவிடம் பேசிக்கொண்ட கணக்காக இருக்கலாம். கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் சுற்றிச் சுற்றி. ஓரிடத்தில் கை நின்றது. அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் நீவி, கடைசியில் முழங்கையை வைத்து மெதுவாகச் சாய்ந்தாள்.

நான் அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் பிடிபட்டது. வேலை முடிந்து வரும் அப்பாவுக்கு விரல் மடங்காது, சோற்றைப் பிசைய முடியாது. தினமும் சாயங்காலம் அம்மா அவர் கையை மடியில் போட்டு இப்படித்தான் எடுத்துவிடுவாள். அதே கோடு, அதே சுற்று.

செவலையின் கீழுதடு தொங்கியது. தலையைக் கொண்டுவந்து அம்மாவின் தோள்மேல் வைத்தாள். "அட கழுதை, கனக்குதடி" என்றாள் அம்மா. சித்தப்பா வாயைப் பிளந்து நின்றார்.

அப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தினமும் போனோம். முதலில் பயந்து பயந்து வந்த அம்மா, பிறகு எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பாள். வீட்டில் பேசாததையெல்லாம் செவலையிடம் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயில் செய்த அநியாயம்கூட அந்தக் குதிரைக்குத் தெரியும். அந்த வாரம் செவலை ஓடினாள். ஜெயிக்கவில்லை, மூன்றாவதாக வந்தாள். ஆனால் நொண்டவில்லை. பெங்களூர் ஆளைப் பற்றிய பேச்சு நின்றது. முதலாளி சித்தப்பாவின் முதுகில் தட்டி, உனக்கும் உன் அண்ணன் கை இருக்கிறது என்றாராம். சித்தப்பா அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, நாலு நாள் தலையைப் படிய வாரிக்கொண்டு திரிந்தார்.

அப்பா வேலைக்குத் திரும்பிய அன்று, குழாயடியில் சித்தப்பா என்னிடம் சொன்னார்: "அப்பன் கைக்கு நிக்கறா, அதிலொண்ணும் கொறையில்ல. ஆனா கேரியர் சத்தம் கேட்டா போதும், தலையைத் தூக்கிக் கேட்டையே பாக்கறா சாமி. ஊட்ல சொல்லிப்போடாத."

சாயங்காலம் சாப்பிடும்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, செவலை எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்கறா."

"என்னைத் தேடுனாளா?"

அப்பா சோற்றை மெல்ல மென்றார். "குதிரைக்கு அதெல்லாம் தெரியாது. எந்தக் கை தொட்டாலும் ஒண்ணுதான்."

இருட்டில் பின்னால் போய் நின்றால்கூடச் செவலைக்குத் தன் கை தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"அதுவும் நல்லதுதான்" என்றாள் அம்மா. எழுந்துபோய், யாரும் கேட்காத ரசத்தை எடுத்துவந்து எல்லோர் தட்டிலும் ஊற்றினாள்.

இனி லாயத்துக்குள் போக வழியில்லாதவளிடம் வேறென்ன சொல்வது என்று யோசிக்கத் தெரியாமல், அப்பா பொறாமையில் பொய் சொல்கிறார் என்றும், அம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள் என்றும் நினைத்து, இரண்டு பேர் மேலும் கோபமாக நான் அன்று சீக்கிரமே படுத்துக்கொண்டேன்.