தண்ணீர்க் காய்கள்

எண்பதுகளில் அல்லிநகரத்தில் வீடு கட்டி முடித்ததும், பின்பக்கம் மிஞ்சிய இடத்தில் என்ன வைப்பது என்பதை நான் முறைப்படி தீர்மானித்தேன். தாலுகா அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவனுக்கு, முறை தப்பி ஒரு வெண்டைச் செடி வைக்கக்கூட மனம் வராது. நாலு மூலையிலும் மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்த பிறகுதான் குழி வெட்டினேன். குழியை வெயிலில் காயவிட்டேன்.

"ஆளுகள அலையவிட்டது பத்தாதுன்னு இப்ப செடியவும் அலையவிடுறீக," என்றாள் மனைவி. "வாழைக்கு என்ன சர்டிபிகேட்டு வேணும்? குத்திவச்சா வரப்போகுது."

எது சத்தோ அதை வைப்பது என்பது என் கொள்கை. வாழை, முருங்கை, தக்காளி, தண்டுக்கீரை, ஓரமாக ஒரு தென்னை. அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எத வேணாலும் வைங்க. அந்தச் சுரைக்காய மட்டும் வச்சிராதீக. வாயில போட்டா வெறும் தண்ணி."

வாழை முதல் தார் தள்ளிய சமயத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். தேனியில் பார்த்தவர் மதுரைக்கு அனுப்பினார். மதுரை டாக்டர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை அவள் இதயம் தாங்காது என்றும் சொன்னார். சாப்பாட்டில்தான் நாளைத் தள்ள வேண்டும்.

"வாழைப்பழம் கூடாது சார். கீரை, தக்காளி, முருங்கை, இளநீர், எதுவும் கூடாது. அதுல இருக்கிற சத்து வெளியே போகாம ரத்தத்துல தங்கிடும். இதயம் நின்னுடும்."

என் தோட்டத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்போல அவர் வரிசையாகச் சொன்னார்.

"அப்ப என்னதான் கொடுக்கலாம்?"

"தண்ணீர்க் காய்கள். சுரை, புடலை, பீர்க்கு. அதையும் நறுக்கி வேகவச்சு, தண்ணிய இறுத்துக் கொட்டிடுங்க. உப்பு வேண்டாம். குடிக்கிற தண்ணியும் அளவுதான். காலையில ஒரு சின்னச் சொம்புல ஊத்தி வைங்க. மருந்துக்கும் தாகத்துக்கும் அன்னைக்கு அவ்வளவுதான்."

அலுவலகத்தில் எந்த மறுப்புக்கும் மேலே இன்னொரு நாற்காலி இருக்கும். எத்தனையோ பேருக்கு அந்த நாற்காலிக்கு வழி சொல்லியிருக்கிறேன். இங்கே எனக்கு எதிரில் இருந்ததே கடைசி நாற்காலி.

திரும்பும் பேருந்து ஆண்டிபட்டியைத் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "கடைசியில சுரைக்கா ஜெயிச்சிருச்சு, பாத்தீகளா."

மறுபடியும் குழி. விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளைகட்டி ஊன்றினேன். பந்தல் போட்டேன். முட்டைக்கோசும் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டு அதையும் வைத்தேன். எங்கள் வெயிலுக்கு அது உருண்டு வராமல் விரித்த கைபோல இலையாகவே நின்றது. சுரையும் புடலையும் காய்த்தன. புடலம்பிஞ்சு சுருளாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டேன். காய் வெந்த தண்ணீர் சமையலறைச் சாக்கடை வழியாக வாழைக்குப் போனது. அவளுக்கு ஆகாத அத்தனை சத்தும் சேர்ந்து, வாழை யானைக்குட்டிபோலப் பருத்தது.

பக்கத்து வீட்டில் ஏலக்காய் வியாபாரியின் மனைவி. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வாழைய இங்கன வச்சுக்கிட்டு மதினிய ஏன் வாடவிடுறீக? தண்ட இடிச்சுச் சாறு குடுங்க. எங்க சின்னய்யாவுக்கு அதுலதான் கல்லு கரைஞ்சுச்சு. டாக்டருமாரு இதெல்லாம் சொல்லமாட்டாக."

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்தாள்: "எனக்குக் கல்லு இல்ல ஆத்தா. புடலங்காய்க்குத்தான் இருக்கு. அங்கன தொங்குது பாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

"பழம் கூடாது, தண்டு கூடாது, பூவும் கூடாது," என்றாள் இவள் என்னிடம். "அப்ப இம்புட்டு வாழை எதுக்கு நிக்குது?"

"வெட்டிரட்டுமா?"

"எதுக்கு வெட்டணும்? இலைக்கு ஆகும். பதினாறாம் நாளு நீங்க கடைகடையா அலையவேணாம்."

சித்திரை வந்தது. அவள் காலையிலேயே சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்காருவாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து மூடுவாள். அவள் எதிரில் குழாயைத் திறந்து மண்ணில் தண்ணீர் ஓடவிட எனக்குக் கை வரவில்லை. அவள் படுத்த பிறகு பாய்ச்சலாம் என்று தள்ளினேன். அவளோ படுப்பதில்லை.

"என்ன, சுரை தலையத் தொங்கப்போட்டிருக்கு?"

"மோட்டார் சரியில்ல."

"மோட்டாருக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சொன்ன வைத்தியத்த அதுகளுக்கும் பாக்காதீக. விடுங்க தண்ணிய."

திறந்தேன். பாத்தியில் தண்ணீர் நுரைத்து ஓடி, வெடித்த மண்ணுக்குள் சத்தத்தோடு இறங்கியது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"வாழைக்கு இன்னுங் கொஞ்சம்," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அவள் பார்க்கவே பாய்ச்சினேன். அது நல்லதா, கொடுமையா என்று யாரிடமும் கேட்கத் தெரியவில்லை. சுரைக்காயை இரண்டு வாய் சாப்பிடுவாள். மூன்றாவதை எனக்காக விழுங்குவாள்.

ஆடிக் காற்று மேற்கே மலைக் கணவாய்ப் பக்கமிருந்து கிளம்பி வந்து பந்தலைச் சாய்த்தது. கயிறும் கம்புமாக நிமிர்த்திக் கட்டினேன். மறுநாளும் சாய்த்தது. காற்று அடங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காலையில், சந்தையில் இலை வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"இம்புட்டையும் வீட்டுல வச்சுக்கிட்டா?" என்றார் அவளுடைய அண்ணன். காற்றில் கிழிந்தது போக நல்ல இலைகள் இன்னும் இருந்தன. அவர் அரிவாளோடு பின்பக்கம் போனார்.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தபோது நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். இலை அறுத்த மட்டைகளின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.